அவையும் அலைவரிசையும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் கவிதை படிக்க எழுந்த நண்பர் ஒருவர், பாதிக் கவிதையில் ஒரு கணம் நின்றார். முன்வரிசையில் பள்ளிப் பிள்ளைகள் நால்வர் அமர்ந்திருந்தனர். அவர்களை ஒருமுறை நோக்கினார். அடுத்து வரவேண்டிய ஒரு சொல்லை விட்டுவிட்டு அதற்கடுத்த அடிக்குச் சென்றார். அவர் கையிலிருந்த நூலில் அச்சொல் அச்சாகியிருந்தது. கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது இதுபற்றி வாதம் எழுந்தது. 'எழுதத் துணிந்தவர் படிக்க ஏன் அஞ்சினார்?' என்றார் ஒருவர். 'அது அச்சமன்று, அவையறிதல்' என்றார் மற்றொருவர். வாதம் முடிவு காணவில்லை, பேருந்துக்கு நேரமாயிற்று.

முடியாத அந்த வாதத்தின் தொடர்ச்சியாகவே இக்கட்டுரையை எழுத முற்படுகிறேன். ஒரு சொல் ஏட்டில் இருக்கும்போது ஒருவகையாகவும், அவையில் ஒலிக்கும்போது வேறுவகையாகவும், வானொலி வழியே வீடுதோறும் புகும்போது முற்றிலும் மற்றொரு வகையாகவும் ஏன் கருதப்படுகிறது? இவ்வினாவை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் மன்றத்தில் வைத்து வழக்காடிய நாடு அமெரிக்கா. அவ்வழக்குகளின் நடுவே ஒரு நகைச்சுவைக் கலைஞரும், ஒரு வானொலி நிலையமும், ஒரு நெடுங்கவிதையும் நிற்கக் காண்கிறோம். கவிஞர்கள் நிறைந்த நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் அக்கதையைச் சொல்வது பொருந்தும் என்று கருதுகிறேன்.

இலக்கணம் வகுத்த இரு நெறிகள்

அயல்நாட்டு வழக்கை நோக்குமுன் நம் கையிலுள்ள அளவுகோலை எடுத்துக்கொள்வோம். நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்து, இடக்கரடக்கலை முதலில் வைத்ததை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அக்கருத்தைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்து எச்சவியலில் 'அவையல்கிளவி' என்னும் சொல்லாட்சியால் சுட்டுகிறது. அச்சொல்லாட்சி நின்று நோக்கத்தக்கது. தீய கிளவி என்றோ இழிந்த கிளவி என்றோ ஆசிரியர் கூறினாரல்லர். அவைக்கு ஆகாத கிளவி என்றே கூறினார். குற்றம் சொல்லில் இல்லை. சொல்லுக்கும் அவைக்கும் உள்ள பொருத்தமின்மையில் இருக்கிறது என்பது அதன் கருத்தாகிறது. தனியிடத்தில் மறைக்க வேண்டாத சொல்லே அவையில் மறைக்கப்படுகிறது.

அடுத்து வரும் நூற்பா இன்னும் நுட்பமானது. மறைக்கும்போதும், தொன்றுதொட்டு வழக்கில் மருவி வந்தவற்றை மறைக்க வேண்டா என்று அது விலக்களிக்கிறது. ஆட்டுப்பிழுக்கை போன்ற சொற்களை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவர். ஆகவே நெறிகள் இரண்டு: ஒன்று அவையை நோக்குவது, மற்றொன்று வழக்கை நோக்குவது. அமெரிக்க ஒலிபரப்புச் சட்டம் முதல் நெறியை இறுகப் பற்றிக்கொண்டு இரண்டாவதைக் கைநெகிழவிட்டது. அதனால் ஒரு கவிதை தன் சொந்த வீட்டிலேயே வாய்மூடி நிற்க நேர்ந்தது என்பதே இக்கட்டுரை நிறுவ விழைவது.

ஒரே பிரிவில் இரண்டு வாக்கியங்கள்

1927ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் வானொலிச் சட்டத்தை இயற்றியது. அதன் 29ஆம் பிரிவில் ஒரு விந்தை உண்டு. ஒலிபரப்பைத் தணிக்கை செய்யும் அதிகாரம் அரசு அமைப்புக்கு இல்லை என்று அப்பிரிவு முதலில் உறுதி கூறுகிறது. உடனே, வானொலியில் ஆபாசமான, அநாகரிகமான, தெய்வநிந்தனையான மொழியை எவரும் பேசலாகாது என்று தடையும் விதிக்கிறது. தணிக்கை இல்லை, ஆனால் தண்டனை உண்டு. இந்த முரண்பாடு 1934ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டத்துக்கும் அப்படியே சென்றது. அச்சட்டத்தின்வழித் தோன்றிய கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையமே இன்றளவும் நிலையங்களுக்கு உரிமம் வழங்குகிறது. 1948இல் அத்தடைவிதி குற்றவியல் தொகுப்புக்கு மாற்றப்பட்டது.

தடையின் மூன்று அடைமொழிகளுள் தெய்வநிந்தனையே முதலில் வேலை செய்தது. ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் 1930இல் ஒருவர் வானொலியில் தம் எதிரிகளை இறைவன் பெயரால் சபித்துப் பேசினார். 1931இல் மேல்முறையீட்டு மன்றம் அவர் பேச்சு ஆபாசமன்று என்று ஒப்புக்கொண்டது. ஆயினும் இறைவனின் சாபத்தை வேண்டியது தெய்வநிந்தனை என்று கூறிச் சிறைத்தண்டனையை உறுதிசெய்தது. இன்று அந்நாட்டு நாடகங்களில் எவரும் பொருட்படுத்தாத சொற்கள் அவை. ஒரு தலைமுறையின் குற்றம் அடுத்த தலைமுறையின் சலிப்பாகிவிடுவதைச் சொல் வரலாறு அறிந்தோர் வியக்கமாட்டார்கள்.

அடுத்த நிகழ்ச்சி கவிஞர்கள் காதுகொடுத்துக் கேட்க வேண்டியது. 1937 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. என்.பி.சி. வானொலியில் திரைநடிகை மே வெஸ்ட், ஆதாம் ஏவாள் கதையைத் தழுவிய சிறு நாடகத்தில் ஏவாளாக நடித்தார். நாடகப்படி முன்னரே நிலையத்தாரால் படித்து ஒப்பப்பட்டது. தடைசெய்யப்பட்ட சொல் ஒன்றேனும் அதில் இல்லை. ஆயினும் அந்த நடிகையின் குரல் இழைந்த விதம் நாட்டையே கொதிக்கச் செய்தது. கண்டனக் கடிதங்கள் குவிந்தன. ஆணையம் நிலையத்தாரைக் கடிந்துகொண்டது. அவர் பெயரைக்கூட நிகழ்ச்சிகளில் சொல்லலாகாது என்று என்.பி.சி. விலக்கியது. ஏட்டில் குற்றமற்ற தொடர் நாவில் குற்றமாயிற்று. தணிக்கை செய்வோர் சொற்பட்டியலையே நம்பியிருந்தனர். பொருளோ எடுத்தலும் படுத்தலுமான ஓசையில் ஒளிந்திருந்தது. சொற்பட்டியல் போட்டு நாகரிகத்தைக் காக்க முடியாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. எனினும் பிற்காலத்தார் மீண்டும் பட்டியலையே நாடினர்.

கவிஞர் கண்ட நிலையம்

இரண்டாம் உலகப்போரில் ஆயுதமேந்த மறுத்தவர்களுள் லூயிஸ் ஹில் என்னும் கவிஞர் ஒருவர். விளம்பரதாரரின் பணத்தை நம்பாமல், கேட்போர் தரும் நன்கொடையைக் கொண்டே இயங்கும் வானொலி ஒன்றை அவர் கனவு கண்டார். அதன் பொருட்டு 1946இல் பசிஃபிகா அறக்கட்டளை தோன்றியது. 1949 ஏப்ரல் 15 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் அதன் முதல் நிலையமான கே.பி.எஃப்.ஏ. ஒலிக்கத் தொடங்கியது. கவிதைக்கும் நாடகத்துக்கும் மாற்றுக் கருத்துக்கும் நாள்தோறும் நேரம் ஒதுக்கிய நிலையம் அது. 1960இல் நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஏ.ஐ. நிலையமும் இவ்வறக்கட்டளையின் கைக்கு வந்தது.

பெர்க்லிக்கு எதிர்க்கரையிலுள்ள சான்பிரான்சிஸ்கோவில் 1955 அக்டோபர் 7 அன்று ஓவியக்கூடம் ஒன்றில் ஆலன் கின்ஸ்பெர்க் 'ஹௌல்' என்னும் தம் நெடுங்கவிதையை முதன்முதலாகப் படித்தார். ஊளை, ஓலம் என்று அத்தலைப்பைப் பொருள் கொள்ளலாம். அடுத்த ஆண்டு கவிஞர் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டி அதை நூலாக வெளியிட்டார். 1957இல் சுங்கத்துறை படிகளைப் பறிமுதல் செய்தது. காவல்துறை ஃபெர்லிங்கெட்டியைக் கைது செய்தது. வழக்கை விசாரித்த நீதிபதி கிளேட்டன் ஹார்ன், அக்கவிதை சமூக மதிப்புடையது, ஆபாசமன்று என்று 1957 அக்டோபர் 3ஆம் நாள் தீர்ப்பளித்தார். இந்நாளை வாசகர் நினைவில் இருத்த வேண்டுகிறேன்.

அச்சில் விடுதலை பெற்ற கவிதைக்கு வானொலியிலும் அவ்விடுதலை உண்டா என்னும் வினா விரைவிலேயே எழுந்தது. 1959இல் ஃபெர்லிங்கெட்டியின் கவிதை வாசிப்பு, 1963இல் ராபர்ட் கிரீலியின் கவிதை வாசிப்பு, அதே ஆண்டில் எட்வர்ட் ஆல்பியின் நாடகமொன்று ஆகியவற்றைப் பசிஃபிகா ஒலிபரப்பியதாக முறையீடுகள் சென்றன. 1964இல் ஆணையம் உரிமங்களைப் புதுப்பித்தது. சில நிகழ்ச்சிகள் சிலர் மனத்தைப் புண்படுத்தலாம். அதற்காக அவற்றை அலைவரிசையிலிருந்தே அகற்றும் உரிமை புண்பட்டோருக்கு இல்லை என்பது ஆணையத்தின் அன்றைய நிலைப்பாடு. கவிதையைக் காத்த காலம் அது. ஆனால் நீடிக்கவில்லை. 1970இல் பிலடெல்பியா நிலையமொன்றுக்கு, இசைக்கலைஞர் ஜெர்ரி கார்சியாவின் நேர்காணலில் ஒலித்த சொற்களுக்காக 100 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. தொகை சிறிது, திசை மாறிற்று என்பதே பெரிது.

ஏழு சொற்களின் வழக்கு

ஜார்ஜ் கார்லின் என்னும் நகைச்சுவைக் கலைஞர் 1972இல் ஓர் இசைத்தட்டில், தொலைக்காட்சியில் ஒருபோதும் சொல்லக்கூடாத சொற்கள் ஏழு என்று வரிசைப்படுத்தி நகையாடினார். அவ்வாண்டு ஜூலையில் மில்வாக்கி நகர விழா மேடையில் அதை நிகழ்த்தியதற்காகக் கைது செய்யப்பட்டார்; வழக்கு டிசம்பரில் தள்ளுபடியாயிற்று. அவர் செய்தது வெறும் வசை பொழிதலன்று. ஆயிரக்கணக்கான சொற்கள் கொண்ட மொழியில் இவ்வேழு மட்டும் ஏன் தீண்டப்படாதவையாயின, இவற்றின் இருபொருள் என்ன, எவ்விடத்தில் எது பாதி குற்றமாகிறது என்று ஓர் அகராதிக்காரருக்குரிய கூர்மையோடு அவர் ஆராய்ந்தார். சொல்லைப் பற்றிய சொல்லாடல் அது.

1973 அக்டோபர் 30 அன்று பிற்பகல் இரண்டு மணியளவில் டபிள்யூ.பி.ஏ.ஐ., மொழிமீது சமூகம் கொண்டுள்ள மனப்பான்மை குறித்த நிகழ்ச்சியின் ஒரு பகுதியாக, அவரது அடுத்த இசைத்தட்டிலிருந்து இதையொத்த பன்னிரண்டு நிமிட உரையை ஒலிபரப்பியது. சிலருக்கு இது உறுத்தலாம் என்று முன்னறிவிப்பும் செய்தது. மகனோடு காரில் சென்றுகொண்டிருந்த தந்தை ஒருவர் அதைக் கேட்க நேர்ந்தது. சில வாரங்கள் கழித்து அவர் முறையீடு அனுப்பினார். அவர் ஒழுக்கம் காக்கும் அமைப்பொன்றோடு தொடர்புடையவர் என்பதும், அந்த ஒலிபரப்புக்கு எதிராக வந்த முறையீடு அது ஒன்றே என்பதும் குறிக்கத்தக்கவை. 1975இல் ஆணையம் அவ்வுரை அநாகரிகமானது என்று அறிவித்தது. தண்டம் விதிக்காமல், உரிமக் கோப்பில் சேர்த்துவைத்தது. 1977இல் மேல்முறையீட்டு மன்றம் அவ்வாணையை நீக்கியது. 1978 ஜூலை 3 அன்று உச்சநீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் கணக்கில் ஆணையத்தின் பக்கம் நின்றது.

பெரும்பான்மையினர் சார்பில் எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் இரண்டு காரணங்களை முன்வைத்தார். வானொலி வீட்டினுள்ளேயே புகுந்து ஒருவரது தனிமையைத் தொடுகிறது. கேட்போர் எந்நேரமும் அலைவரிசையைத் திருப்பி நடுவில் நுழைவதால் முன்னறிவிப்பு எப்போதும் பயன் தராது. அடுத்து, எழுதப்படிக்கத் தெரியாத குழந்தையின் காதிலும் அது விழுகிறது. பட்டியில் இருக்க வேண்டிய பன்றி கூடத்துக்குள் வந்துவிட்டால் அதுவே தொல்லை என்னும் பழைய உவமையையும் அவர் எடுத்தாண்டார். பன்றிமீது குற்றமில்லை, கூடம் அதற்கு இடமன்று. இது நம் அவையல்கிளவிக் கருத்தே என்பது வெளிப்படை.

மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி பிரென்னன் வேறொன்றைக் கண்டார். இச்சொற்களை அன்றாடம் இயல்பாக வழங்கும் மக்கள் இந்நாட்டில் வாழ்கின்றனர். தம்மைப்போல் பேசாத, தம்மைப்போல் எண்ணாத பண்பாடுகளைக் காணத் தவறும் கண்குறையே இத்தீர்ப்பு என்று அவர் கடிந்தார். இதே அளவுகோலைக் கொண்டால் ஷேக்ஸ்பியரும் ஜாய்ஸும் சாசரும் விவிலியத்தின் சில பகுதிகளும் தப்ப முடியுமா என்றும் வினவினார். பெரும்பான்மையினர் அவையை நோக்கினர். பிரென்னன் வழக்கை நோக்கினார். தொல்காப்பியத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரு நூற்பாக்கள் அமெரிக்க மன்றத்தில் எதிரெதிர் அணிகளாய்ப் பிரிந்து நின்றன என்று சொல்லத் தோன்றுகிறது.

தந்தையின் பக்கமும் நியாயம் உண்டு

சொல்லுரிமை பேசுவோர் அந்தத் தந்தையை எள்ளி நகையாடுவது வழக்கம். நான் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. வகுப்பறையிலும் வீட்டிலும் பிள்ளைகளோடு பழகும் எவரும், எந்தச் சொல்லை எந்த வயதில் யார் வாயால் அவர்கள் முதலில் கேட்கிறார்கள் என்பதைப் பொருட்படுத்தாதிருக்க முடியாது. மேலும், எந்த மொழியின் வசைச்சொல் தொகுதியைத் திறந்தாலும் அதன் பெரும்பகுதி தாயின் உடலையோ உடன்பிறந்தவளின் உடலையோ ஒடுக்கப்பட்டோரின் பெயரையோ கொண்டு ஆக்கப்பட்டிருக்கும். இரு ஆடவர் தெருவில் சண்டையிடும்போது அங்கில்லாத ஒரு பெண்ணே அடிபடுகிறாள். ஆதலின் வசையொலி யாவும் விடுதலையொலி என்று பெண்ணொருத்தி எளிதில் ஒப்பிவிட இயலாது.

ஆனால் இந்த நியாயத்தை அமெரிக்கச் சட்டம் காத்ததா? இல்லை. அதன் அநாகரிகம் என்னும் வரையறை பாலுறுப்பையும் பாற்செயலையும் கழிவையும் மட்டுமே தொட்டது. கறுப்பின மக்களை இழித்துரைக்கும் கொடுஞ்சொல் அவ்வரையறைக்குள் அடங்கவேயில்லை. அச்சொல் யாரைப் புண்படுத்துகிறது என்பதைச் சட்டம் கேட்கவில்லை. எந்த உறுப்பைச் சுட்டுகிறது என்பதையே கேட்டது. புண்பட்டவர் யார் என்று கேளாத நாகரிகம், கூடத்தைத் துடைத்து அடுக்களையை மறக்கும் நாகரிகமே ஆகும்.

வாய்மூடிய ஓலம்

1978க்குப் பின் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆணையம் அந்த ஏழு சொற்களோடு தன் எல்லையை நிறுத்திக்கொண்டு எந்த நிலையத்தின் மீதும் கைவைக்கவில்லை. 1987 ஏப்ரலில் நிலை மாறியது. ஏழு சொல் என்னும் எல்லை நீக்கப்பட்டு, பால் அல்லது கழிவு பற்றி வெறுப்பூட்டும் வகையில் பேசும் எதுவும் குற்றமாகலாம் என்றாயிற்று. பட்டியல் போய் மதிப்பீடு வந்தது முன்னேற்றம்போல் தோன்றலாம். எது குற்றம் என்பது ஒலிபரப்பிய பின்னரே தெரியும் என்பதே அதன் நடைமுறைப் பொருள். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவலை ஆண்டுதோறும் ஜூன் 16 அன்று வாசித்து ஒலிபரப்பிவந்த பசிஃபிகா, இதற்கு இடமுண்டா என்று ஆணையத்தை முன்கூட்டியே கேட்டது. ஆணையம் விடை கூற மறுத்தது. அந்நாவலை அமெரிக்க மன்றம் 1933இலேயே விடுவித்திருந்தது என்பதை நினைக்க வேண்டும்.

1988 ஜனவரியில் தணிக்கை குறித்த தொடர் நிகழ்ச்சி ஒன்று பசிஃபிகா நிலையங்களில் ஒலித்தது. அதில் 'ஹௌல்' இடம்பெறுவதாக இருந்தது. தண்டத்துக்கு அஞ்சி விடப்பட்டது. தணிக்கையைக் கண்டிக்கும் நிகழ்ச்சியிலேயே தணிக்கை புகுந்த விந்தை அது. அவ்வாண்டின் பிற்பகுதியில் இருபத்துநான்கு மணிநேரமும் தடை என்று நாடாளுமன்றமே சட்டம் செய்தது. மன்றங்கள் அதை நீக்கின. நெடிய வழக்காடலுக்குப்பின் 1995இல் இரவு பத்து முதல் காலை ஆறு வரை தடையற்ற நேரம் என்னும் ஏற்பாடு நிலைபெற்றது. கல்லூரிப் பாடநூல்களில் பகலில் படிக்கப்படும் கவிதை, வானொலியில் பிள்ளைகள் உறங்கிய பின்னரே ஒலிக்கலாம் என்றாயிற்று. இதை வெளிப்படையாக எதிர்த்துவந்த கின்ஸ்பெர்க் 1997இல் மறைந்தார்.

புதிய நூற்றாண்டில் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. 2003 ஜனவரியில் கோல்டன் குளோப் விருது விழாவில் பாடகர் போனோ மகிழ்ச்சி மிகுதியில் ஒரு சொல்லை அடைமொழியாக உதிர்த்தார். முதலில் பொறுத்துக்கொண்ட ஆணையம், 2004 மார்ச்சில் ஒருமுறை உதிர்ந்தாலும் குற்றமே என்று நிலை மாற்றியது. இடையில் அவ்வாண்டு பிப்ரவரி 1 அன்று கால்பந்து இறுதியாட்ட இடைவேளையில் ஜேனட் ஜாக்சனின் ஆடை விலகிய நிகழ்ச்சிக்காக சி.பி.எஸ். நிலையங்களுக்கு 550,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அது பின்னர் மன்றத்தில் நிற்கவில்லை. ஆனால் 2006இல் நாடாளுமன்றம் ஒரு மீறலுக்குரிய உச்சத் தண்டத்தை 32,500 டாலரிலிருந்து 325,000 டாலராக, பத்து மடங்காக உயர்த்தியது.

அக்காலத்துத் தீர்ப்புகள் இரண்டை இணைத்து நோக்குவது தகும். 'சேவிங் பிரைவேட் ரையன்' என்னும் போர்த் திரைப்படத்தை 2004 நவம்பர் 11, படைவீரர் நாளன்று ஏ.பி.சி. ஒளிபரப்பியபோது அதன் இணை நிலையங்களுள் அறுபதுக்கும் மேற்பட்டவை அஞ்சி ஒதுங்கின. 2005இல் ஆணையம், படைவீரர் வாயில் அச்சொற்கள் இயல்பானவை, அவற்றை நீக்கினால் படத்தின் மெய்ம்மை கெடும் என்று கூறி விலக்களித்தது. இது நல்ல தீர்ப்பே. வழக்கை நோக்கிய தீர்ப்பு. ஆனால் மார்ட்டின் ஸ்கார்செசி தயாரித்த 'தி புளூஸ்' ஆவணத்தொடரில் இசைக்கலைஞர்கள் தம் இயல்பான பேச்சில் அதே சொற்களைப் பேசியபோது, அவை இன்றியமையாதவை அல்ல என்று 2006இல் ஆணையம் முடிவுசெய்து, கலிபோர்னியாவில் கல்லூரி நிருவாகத்திலுள்ள சிறு நிலையத்துக்கு 15,000 டாலர் தண்டம் விதித்தது. கற்பனை வீரனின் வாய்க்கு வழக்கு உண்டு. மெய்யான இசைவாணரின் வாய்க்கு வழக்கு இல்லை. 2010இல் மேல்முறையீட்டு மன்றமே இம்முரண்பாட்டை எடுத்துக்காட்டி ஆணையத்தின் கொள்கையை நீக்கியது.

இந்நிலையில்தான் 2007 அக்டோபர் 3 வந்தது. 'ஹௌல்' ஆபாசமன்று என்று நீதிபதி ஹார்ன் தீர்ப்பளித்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்த நாள். அதைக் கொண்டாடக் கின்ஸ்பெர்க்கின் குரலிலேயே அக்கவிதையை ஒலிபரப்ப டபிள்யூ.பி.ஏ.ஐ. நிலையத்தார் எண்ணினர். பின் கணக்குப் பார்த்தனர். ஒரு மீறலுக்கு 325,000 டாலர் என்றால் நன்கொடையில் வாழும் நிலையம் என்னாகும்? கவிதை அலைவரிசையில் ஏறவில்லை, இணையத்தில் ஏறியது. எவரும் தடை விதிக்கவில்லை. தணிக்கை அதிகாரி எவரும் வரவில்லை. 1927இல் கொடுத்த வாக்குறுதிப்படி தணிக்கை என்பதே அந்நாட்டு வானொலியில் இல்லை. ஆயினும் கவிஞர் கண்ட நிலையத்தில், மன்றம் விடுவித்த கவிதை, அதன் வெற்றியின் பொன்விழா நாளில் ஒலிக்கவில்லை.

2009இலும் 2012இலும் இச்சிக்கல் மீண்டும் உச்சநீதிமன்றம் சென்றது. 2012 ஜூனில், முன்னறிவிப்பின்றி விதியை மாற்றித் தண்டித்தது முறையன்று என்று மட்டும் கூறிய மன்றம், 1978ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடவில்லை. கார்லின் 2008 ஜூன் 22 அன்று மறைந்திருந்தார். அமெரிக்க நகைச்சுவைக்குரிய மார்க் ட்வெயின் விருது அவ்வாண்டு நவம்பரில் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. நாடு அவரைச் சிறப்பித்தது. அவர் உரையைப் பகற்பொழுதில் ஒலிபரப்பும் துணிவை மட்டும் நிலையங்களுக்குத் தரவில்லை.

காதணிந்த கருவியும் நம் அவையும்

இவ்வழக்கு நமக்கு அயலானதன்று. 'காலேஜ் ரொமான்ஸ்' என்னும் இணையத் தொடரின் மொழி பற்றிய வழக்கில் 2023 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றம் தயாரிப்பாளர்மீது வழக்குப் பதிய வழிவிட்டது. சூழ இருப்போர் அதிர்ச்சியடையாதிருக்கத் தம் அறையில் காதுக்கருவி அணிந்தே அத்தொடரைக் கேட்க நேர்ந்தது என்று நீதிபதி தம் தீர்ப்பில் குறித்தார். 2024 மார்ச் 19 அன்று இந்திய உச்சநீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளியது. வசைச்சொல் வேறு, ஆபாசம் வேறு. சினத்திலும் மனமுறிவிலும் உதிரும் சொல்லை அதன் நேர்ப்பொருளில் கொள்ளலாகாது என்பது அதன் கருத்து.

காதுக்கருவி பற்றிய அக்குறிப்பு என் சிந்தையை விட்டு அகலவில்லை. அதை அணிந்த கணத்தில் நீதிபதி தமக்கு மட்டும் உரியதொரு தனியிடத்தை ஆக்கிக்கொண்டார். சொல் அவைக்கு வரவில்லை. நீதிபதி ஸ்டீவன்ஸ் கண்ட கூடமும், குடும்பமே சூழ்ந்தமர்ந்த ஒற்றை வானொலிப் பெட்டியும் இன்று பெரும்பாலும் இல்லை. ஒவ்வொரு காதுக்கும் ஓர் அலைவரிசை வந்துவிட்டது. அவை என்பதே சிதறிப்போன காலத்தில் அவையல்கிளவிக்கு எல்லை வகுப்பது சட்டத்தால் ஆகாது. தண்டத்தால் அறவே ஆகாது.

அப்படியாயின் முன்வரிசைப் பிள்ளைகளைக் கண்டு சொல்லை விட்ட நம் நண்பர் செய்தது என்ன? அவர் முகங்களைப் பார்த்தார். ஒரு சொல்லை நிறுத்தினார். மறுமாதம் அப்பிள்ளைகள் இல்லாத கூட்டத்தில் அதே கவிதையை முழுமையாகப் படித்தார், குரல் தளரவில்லை. அவையறிந்து அடக்கியவர், அவை மாறியபோது அச்சொல்லை மீட்டுக்கொண்டார். மீட்க முடியுமாயின் அது அடக்கம். 2007இல் அந்த நியூயார்க் நிலையம் பார்த்தது முகங்களை அன்று, தண்டத் தொகையை. அங்குக் கவிதை அடங்கவில்லை, அடக்கப்பட்டது.

பத்தாண்டுகள் கவிதை கேட்ட வட்டம் இது. இனி வரும் ஆண்டுகளில் நம் கூட்டங்களும் ஒலிப்பதிவாகி, எவ்வெவர் காதுகளிலோ விழும். எவர் முன்னிலையில் எச்சொல்லை நிறுத்துவது என்னும் முடிவு, முகம் பார்க்கும் கவிஞரின் கையிலேயே இருக்கட்டும். அதை ஏற்பது எளிதன்று; அச்சொல்லால் புண்படக்கூடியவரின் முகத்தையும் அவரே பார்த்தாக வேண்டும். ஆனால் அப்பொறுப்பை வேறெவரிடமும் ஒப்படைத்த இடத்தில் கவிதை வாழ்ந்ததாக நான் அறிந்த வரலாறு கூறவில்லை.